முட்டிக்காரியின் ஒற்றை முட்டையும் என் கைப்பிடிச் சோறும்

இந்தப் பயணத்துக்கு நான் பெட்டி கட்டவில்லை. கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கவில்லை. போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர்தான். ஆனால் மாசி மாதத்தில் அதே சாலையில் பன்னிரண்டு நாள் போய்ப் பன்னிரண்டு நாள் திரும்பினேன். கூட்டிப் பார்த்தால் அறுநூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். தீவுகளின் வட கோடியிலுள்ள திக்லிபூர் வரை போய்த் திரும்பிய தூரம் ஆகிறது. அதனால் இதையும் பயணக் கட்டுரை என்று எழுத எனக்கு உரிமை உண்டு.

போனது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயில் மகளிர் குழுவுக்கு வனத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்டூர் பக்கம் காப்புக்காட்டை ஒட்டிய ஒரு சின்னக் கடற்கரையில் ஒரு பறவை மணலில் முட்டையிட்டிருக்கிறது, சுற்றுலாக்காரர்கள் வந்து போவதால் அதற்கு என்ன ஆகிறது என்று ஆறு நாள் கணக்கெடுக்க வேண்டும், ஒரே இடத்தில் பொறுமையாக உட்கார்ந்து எழுதக்கூடியவர்கள் தேவை, சம்பளம் கிடையாது. குழுவில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கோயில் அன்னதானக் கணக்கு பதினோரு வருடமாக என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு தேங்காய் குறைந்தாலும் தேதி சொல்லுவேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இந்தி, ரேஷன் கடை வரிசையில் நின்று கற்றது. ஆங்கிலம், பிள்ளைகள் படித்து முடித்த பாடப்புத்தகங்களில் கற்றது. பறவையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "போயிட்டு வா. ஆறு நாளைக்கு உன் கணக்குலேருந்து நாங்க தப்பிப்போம்ல" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடற்கரையின் பெயரை எழுத மாட்டேன். கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். வழியை மட்டும் சொல்கிறேன். டாலிகஞ்ச் நிறுத்தத்தில் காலை 6.10க்கு வண்டூர் பஸ். பலகையில் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று எழுதியிருக்கிறது, கண்டக்டர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். காராச்சர்மா தாண்டியதும் கடைகள் குறைந்து பாக்குத் தோப்புகள் தொடங்கும். இருபத்து நான்கு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம், இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். வனத்துறை வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் எண்ணி எழுதி முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் கிடைக்கும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. உலகம் முழுவதும் இப்படிக் கணக்கோடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வாசலில் எனக்காகக் காத்திருந்தவர் வனக்காவலர் பிஸ்வாஸ் பாபு. வங்காளிக் குடியேறிகளின் மூன்றாம் தலைமுறை, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. நாங்கள் பேசியதெல்லாம் இந்தியில்தான். என்னை மணலோரமாக நடத்திக்கொண்டு போய்ப் பறவையைக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணல்தான் தெரிந்தது. பிறகு மணலில் ஒரு மஞ்சள் கண் தெரிந்தது. கோழியை விடக் கொஞ்சம் பெரியது, தடித்த அலகு, நீண்ட மஞ்சள் கால், அதில் முடிச்சு முடிச்சாக முட்டி. ஆங்கிலத்தில் பீச் திக்-நீ என்கிறார்கள். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் மணலில் ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காரும். அந்த முட்டை போனால் அந்த வருடம் போனது மாதிரிதான் என்றார் பிஸ்வாஸ் பாபு.

முட்டையைச் சுற்றி இருபது அடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தார்கள். நான் உட்கார வேண்டிய பாறை அங்கிருந்து நாற்பது தப்படி, ஒரு மோவா மரத்து நிழலில். காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை, கால் மணிக்கு ஒருமுறை நான்கு கட்டம் நிரப்ப வேண்டும்: கண்ணுக்குத் தெரியும் ஆட்கள் எத்தனை, கயிற்றைத் தாண்டியவர் எத்தனை, காக்கை எத்தனை, பறவை முட்டைமேல் இருக்கிறதா எழுந்துவிட்டதா. திங்கட்கிழமை கடற்கரைக்கு விடுமுறை, யாரையும் விட மாட்டார்கள். அன்றைய கணக்கை மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் மனிதர்களால் என்ன ஆகிறது என்று தெரியும். கேட்டபோது எவ்வளவு எளிய, நேர்மையான வழி என்று தோன்றியது. வியாழனில் தொடங்கினேன்.

கூட்டுக்கு அந்தப் பக்கம் அறுபது தப்படியில் மல்லிகாவின் கடை. டீ, போண்டா, இளநீர். அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே இருக்க மனமில்லாமல் இவள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். இரண்டு பெண்களின் படிப்பும் இந்த அடுப்பில்தான் வேகிறது. முதல் நாள் நான் பைனாகுலரை எடுத்ததும் அங்கிருந்தே குரல் வந்தது. "அக்கா, அத வச்சி என் சட்டிய பாக்காதீங்க. எண்ண எப்ப மாத்துனேன்னு அதுல தெரிஞ்சிரப்போவுது." பறவைக்கு, ஜோடியில் எது முட்டைமேல் இருந்தாலும், ஒரே பெயராக வைத்ததும் அவள்தான். முட்டிக்காரி.

முதல் நாள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் காக்கைக்கு வைக்காமல் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. முன்னோருக்குப் போய்ச் சேருகிறது என்பது என் நம்பிக்கை. பாறையின் பின்பக்கம் வாழையிலைத் துண்டில் ஒரு கைப்பிடிச் சோறும் பருப்பும் வைத்துக் கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓர் அண்டங்காக்கை வந்தது, பிறகு இரண்டு. மனது நிறைந்தது. சாப்பிட்டுவிட்டு இலையையும் கையோடு எடுத்துக்கொண்டேன். அங்கே குப்பை போடக் கூடாதல்லவா.

முதல் நான்கு நாட்களில் நான் பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், நம் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரக்காரர்கள். கயிற்றைப் பார்ப்பார்கள், பலகையைப் படிப்பார்கள், பிறகு ஒரே ஒரு போட்டோ என்று காலைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் முட்டிக்காரி எழுந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவிடும். வெயிலில் முட்டை தனியாகக் கிடக்கும். திரும்பி வந்து உட்கார நான்கு நிமிடம் ஆகலாம், பதினோரு நிமிடமும் ஆகலாம். எழுதிக்கொண்டே இருந்தேன்.

காக்கைக் கட்டம்தான் எல்லோரையும் கவலைப்பட வைத்தது. மதிய வேளையில் வியாழன் மூன்று, வெள்ளி ஏழு, சனி பன்னிரண்டு, ஞாயிறு பத்தொன்பது. காக்கைக்கு முட்டை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு மாலை பிஸ்வாஸ் பாபு தாள்களோடு நேராகக் கடைக்குப் போனார். கடையில் சிந்தும் தீனிக்குத்தான் காக்கை வருகிறது, புதன்கிழமை அறிக்கையில் அப்படித்தான் எழுதப்போகிறேன், கடையை இங்கிருந்து எடுக்க வேண்டி வரும் என்றார். அவருக்கே அதில் சந்தோஷம் இல்லை. குரலிலேயே தெரிந்தது.

மல்லிகா கரண்டியைக் கீழே வைத்தாள். "காக்காவுக்கு நான் என்னா சம்பளமா குடுக்குறேன், வரச்சொல்லி?" மூடி போட்ட டிரம்மைத் திறந்து காட்டினாள். போண்டாத் துணுக்கு, இளநீர் மட்டை, டீத்தூள் எல்லாம் அதற்குள். மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கோழிக்குப் போடுகிறாள். எண்ணிக்கை எண்ணிக்கைதான் என்றார் அவர்.

அவர் போனதும் மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுறது நீங்கதானக்கா. பத்து காக்காவ கொறச்சி எழுதுனா என்னா? அதுக என்ன வந்து கேக்கவா போவுது?"

"பாக்கறதத்தான் எழுத முடியும் மல்லிகா. ஒண்ண மாத்துனா எல்லாம் பொய்யாயிடும்."

"நல்லா இருங்க" என்றாள். டிரம்மை மூடினாள். டீ குடிக்கிறீர்களா என்று அன்று கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மனது கனத்தது. ஆனாலும் நான் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆட்டோக்காரர் தெலுங்குக்காரர், "ஆஜ் பந்த் ஹை மேடம்", இன்று மூடல் என்று இறக்கிவிடப் பார்த்தார். கடிதத்தைக் காட்டியதும் கூட்டிப்போனார். வேறு ஆள் இல்லாததால் அறுபது ரூபாய். கடற்கரையில் ஒரு காலடி கூட இல்லை. கடை மூடியிருந்தது, நேற்றே டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். முட்டிக்காரி எட்டு மணியிலிருந்து அசையவில்லை. பத்தரைக்கு அதன் ஜோடி வந்து முறை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். மனிதன் இல்லாவிட்டால் அந்தக் கடற்கரை எப்படி இருக்கும் என்று பார்த்தவள் நான். கோயில் நடை திறந்த உடனே முதல் ஆளாக உள்ளே போனால் ஓர் அமைதி இருக்குமே, அது.

பன்னிரண்டு மணிக் கட்டத்தை எழுதத் தலையைத் தூக்கினேன். மோவா மரத்தில் காக்கைகள். ஒவ்வொன்றாக எண்ணினேன். இருபத்தொன்று. ஆட்கள் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கடை இல்லை, போண்டா இல்லை. பிறகு ஏன் வந்தன என்று யோசித்துக்கொண்டே கை பழக்கத்தில் டப்பாவை எடுத்து மடியில் வைத்தது. இருபத்தொரு தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. அவை கடையைப் பார்க்கவில்லை, முட்டையையும் பார்க்கவில்லை. என் டப்பாவைப் பார்த்தன.

டப்பாவைத் திறக்கவில்லை. முந்தைய தாள்களைப் புரட்டினேன். நான்கு நாளும் காக்கை கூடியது பன்னிரண்டு மணிக் கட்டத்தில்தான். நான் சாப்பிடும் நேரம்.

சோறு வராததால் இரண்டு காக்கைகள் மணலில் இறங்கின. ஒன்று கயிற்றுக்குள் தத்தித் தத்திப் போனது. முட்டிக்காரி இறக்கையை விரித்துக்கொண்டு எழுந்தது. நகரக் கூடாது என்பது விதி. வேறு வழி தெரியவில்லை. டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூட்டுக்கு முதுகைக் காட்டி, வாசலை நோக்கி நடந்தேன். முருகா, இவை என் பின்னால் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். வந்தன. மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு, கத்திக்கொண்டு, அறுநூறு தப்படியும் வந்தன. வாசலில் நின்று பைனாகுலரில் திரும்பிப் பார்த்தபோது கயிற்றுக்குள் காக்கை ஒன்றும் இல்லை. முட்டிக்காரி உட்கார்ந்திருந்தது.

வாசல் குடிசையில் உட்கார்ந்திருந்த பிஸ்வாஸ் பாபு இந்த ஊர்வலத்தைப் பார்த்து எழுந்து நின்றார். நான் ஒளிக்கவில்லை. நான்கு நாளும் சோறு வைத்தது நான், காக்கையைப் பழக்கியது நான், மல்லிகா கடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பாத மாதிரிப் பார்த்தார்.

"கித்னா சாவல்?" என்று சோற்றின் அளவைக் கேட்டார்.

கையை மூடிக் காட்டினேன். இவ்வளவுதான்.

முதலில் சிரித்தார். பிறகு என் தாள்களை எடுத்துக் காக்கைக் கட்டத்தின்மேல் விரலை ஓட்டினார், சிரிப்பு நின்றது. அவருடைய அப்பா இறந்த திதிக்கு அவரும் காக்கைக்கு வைப்பாராம், தனக்கும் இது தோன்றவில்லை என்றார். இந்த ஆறு நாள் கணக்கு செல்லாது, மேலிடத்தில் இன்னும் ஒரு வாரம் கேட்கிறேன், மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். அன்று அங்கே சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, கூரைமேல் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடும்போது மணி நான்கு.

மல்லிகாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. செவ்வாய்க் காலை கடை திறந்ததும் போய் நின்று சொன்னேன். அவள் மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல ஆளுக்கா நீங்க. சோத்த நீங்க போட்டுட்டு என் வயித்துல புளியக் கரைச்சீங்க. ரெண்டு ராத்திரி பூரா பிள்ளைகக்கிட்ட என்னா சொல்றதுன்னு கெடந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். ஒரு டீ போட்டு நீட்டினாள். குடித்து முடித்ததும் கையையும் நீட்டினாள். "பதினஞ்சு ரூவா. தப்பு உங்களுது, டீத்தூள் என்னுது." கொடுத்தேன். பக்கத்தில் நின்ற பிஸ்வாஸ் பாபுவும் தான் குடித்ததற்குக் கொடுத்தார். அன்றைய கணக்கையும் முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வியாழனில் மறுபடியும் தொடங்கினேன்.

இரண்டாம் ஆறு நாட்களில் ஒரே ஒரு மாற்றம். விடியும்போதே சமையல் முடித்து, வீட்டுக் கூரையில் வைத்து, காக்கை எடுத்த பிறகுதான் பஸ் ஏறினேன். கடற்கரையில் டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு வாசல் குடிசைக்குள் போய்ச் சாப்பிட்டேன். முதல் நாள் மதியம் பதினாறு காக்கைகள் வந்து என் மடியைப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கத்தின. மறுநாள் ஒன்பது, பிறகு நான்கு, பிறகு இரண்டு. திங்களும் இரண்டு, செவ்வாய் கடை திறந்தபோதும் இரண்டு. கடையால் வந்த காக்கை ஒன்றுகூட இல்லை. மல்லிகா தினமும் மதியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என் கணக்குல எத்தனைக்கா?" என்று கேட்பாள். விரலில் காட்டுவேன்.

காக்கை விலகியதும் உண்மையான கணக்கு பளிச்சென்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முட்டிக்காரி பதினோரு முறை எழுந்தது, பதினொன்றும் கயிற்றுக்குள் கால் வைத்தவர்களால். திங்கட்கிழமை முறை மாற்ற மட்டும் எழுந்தது. அறிக்கையில் மூன்று விஷயம் போனது. கயிறு அறுபது அடி தள்ளிப் போகிறது. போட்டோ எடுக்க வசதியாக இருந்த வளைவுப் பாதை முட்டை பொரியும்வரை மூடல். கடை இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், மூடி போட்ட டிரம்மை மற்றக் கடற்கரைகளின் கடைகளும் வைக்க வேண்டும். மல்லிகாவின் டிரம் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது. என்னை விட அவளுக்குத்தான் பெருமை.

பங்குனி முதல் வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, குஞ்சு ஓடுது. நூல்கண்டு மாதிரி இருக்குது, நிக்கவே மாட்டேங்குது." நான் பூஜை அறையில் இருந்தேன். கற்பூரத்தை ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினேன்.

இனி, வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடற்கரைகளுக்கு ஞாயிறு வேண்டாம், புதன் அல்லது வியாழன் வாருங்கள். திங்கள் பல இடங்கள் மூடியிருக்கும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டாலிகஞ்சிலிருந்து போக வர ஒருவருக்கு நூற்றுப் பத்து ரூபாய் பஸ்ஸும் ஆட்டோவும், டீ தனி. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டூர் பக்கம் முதலை உண்டு, வலை கட்டிய இடத்தில் மட்டும் இறங்குங்கள். கயிறு கட்டியிருந்தால் உள்ளே வெறும் மணல்தான் தெரியும். வெறும் மணல் என்று நம்பிவிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற என் சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. மானுக்கு பிஸ்கட், மீனுக்குப் பொரி, காக்கைக்குச் சோறு, எல்லாம் புண்ணியம் என்றுதான் நாம் வளர்ந்தோம். நானும் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் நம் வீட்டுக் கூரையில் வைக்கும் சோறும் காட்டோரத்தில் வைக்கும் சோறும் ஒன்றல்ல. இன்னொரு தாயின் ஒரே முட்டைக்கு ஆபத்தாக வரும் சோற்றை எந்த முன்னோரும் ஏற்க மாட்டார்கள் என்பது நான் கும்பிட்டு யோசித்துக் கண்டது. இங்கே தங்கும் நாட்களில் அறை ஜன்னலில் வைத்துக் கும்பிடுங்கள், போய்ச் சேரும்.

போன வாரம் பிஸ்வாஸ் பாபு அடுத்த பருவத்துக்கான படிவத்தைக் கொடுத்தனுப்பினார். ஆட்கள், கயிறு, காக்கை, பறவை என்று நான்கு கட்டம் இருந்த தாளில் இப்போது ஐந்து. ஐந்தாவதன் தலைப்பு இந்தியில் இருக்கிறது: கணக்கெடுப்பவர் இன்று என்ன சாப்பிட்டார், எங்கே. இந்தத் தீவுகளில் இனி எந்தக் கடற்கரையில் யார் உட்கார்ந்து எண்ணினாலும், பெரிய படிப்புப் படித்தவராகவே இருந்தாலும், முதலில் தன்னைப் பற்றி எழுதிவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றி எழுத வேண்டும். அந்தக் கட்டம் என்னால் வந்தது.